காயின் போனில் எவ்வளவு காசு போட்டோம் என்று எக்ஸ்சேஞ்சுக்கு எப்படித் தெரிந்தது? அந்தப் போனை இன்று வீட்டில் மாட்டினால் காசு போட வேண்டுமா?

முதல் கேள்விக்குச் சுருக்கமான பதில்: காதால் கேட்டுத்தான். பழைய காயின் போனுக்குக் காசை எண்ணத் தெரியாது, விழுகிற காசை மணியில் மோத வைக்க மட்டுமே தெரியும். எண்ணியவர் கம்பியின் மறுமுனையில் இருந்த ஆபரேட்டர். பழைய போன்களைப் பிரித்துப் போட்டு உள்ளே பார்ப்பது என் பொழுதுபோக்கு, அதனால் பதில் கொஞ்சம் நீளும்.

அமெரிக்காவில் ஹார்ட்ஃபோர்டைச் சேர்ந்த வில்லியம் கிரே 1889ல் காயின் போனுக்குக் காப்புரிமை வாங்கினார். அதே ஆண்டு அந்த ஊர் வங்கி ஒன்றில் முதல் கருவி வந்தது. மனைவிக்கு உடம்பு சரியில்லாதபோது டாக்டரைக் கூப்பிட யாரும் போன் தராததால்தான் இதைக் கண்டுபிடித்தார் என்று ஒரு கதை எல்லா இடத்திலும் சொல்லப்படும். நிஜமோ இல்லையோ, என்னைக் கவர்வது அவர் செய்த தீர்வு. எவ்வளவு காசு விழுந்தது என்று தூரத்தில் இருப்பவருக்குச் சொல்லத் தனிக் கம்பி எதற்கு? பேசுவதற்கான கம்பி ஏற்கெனவே இருக்கிறதே. காசு விழும் சத்தம் அதிலேயே போகட்டும் என்று விட்டுவிட்டார்.

இந்த யோசனை பல பத்தாண்டுகள் ஓடியது. 20ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதி அமெரிக்காவில் இருந்த மூன்று துளைப் போனில் 5 சென்ட் விழுந்தால் மணி ஒரு தடவை, 10 சென்ட் என்றால் அதே மணி இரண்டு தடவை, 25 சென்ட் என்றால் கனமான காங் சத்தம் ஒன்று. வெளியூர் அழைப்புக்கு ஆபரேட்டர் தொகையைச் சொல்வார், நீங்கள் போடப் போட அவர் கேட்டுக்கொண்டே கூட்டிக்கொள்வார். உள்ளூர் அழைப்புக்கு அவ்வளவு சிரமம் இல்லை. காசு ஒரு சின்ன நெம்புகோல் மேல் விழுந்து மின்சுற்றை மூடும், காசு இருக்கிறது என்பது எக்ஸ்சேஞ்சுக்குத் தெரிந்துவிடும்.

என்னைக் கேட்டால், எண்ணுவதை விடக் கஷ்டமான பிரச்சினை வேறு. மறுமுனையில் யாரும் எடுக்கவில்லை என்றால் காசு யாருடையது? கிரேயின் முதல் கருவியில் பேசி முடித்த பிறகுதான் காசு, ஆகவே இந்தத் தகராறே இல்லை. முன்பணம் வாங்கத் தொடங்கியதும் வந்தது. அமெரிக்க வழி இது: காசு நேராகப் பெட்டிக்குள் போகாது, நடுவில் ஒரு தொட்டியில் காத்திருக்கும். அழைப்பு முடிந்ததும் எக்ஸ்சேஞ்ச் அதே கம்பியில் நூறு வோல்ட்டுக்கு மேல் ஒரு துடிப்பை அனுப்பும். அது நேர்மின்னா எதிர்மின்னா என்பதைப் பொறுத்து ரிலே என்ற மின்காந்த சுவிட்ச் ஒரு தகட்டை இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ தள்ளும். ஒரு பக்கம் காசுப் பெட்டி, மறுபக்கம் உங்கள் கை. (திரும்பி வரும் வழியில் காகிதத்தைத் திணித்து அடைத்துவிட்டு, பிறகு வந்து சேர்ந்ததை அள்ளிப் போன ஆசாமிகளும் உண்டு.)

பிரிட்டன் முடிவைப் பேசுபவரிடமே விட்டது. 1925ல் வந்த பெட்டியில் ஏ, பி என்று இரண்டு பொத்தான்கள். மறுமுனையில் குரல் கேட்டால் ஏ, அதை அழுத்தும் வரை நீங்கள் பேசுவது அவருக்குக் கேட்காது. யாரும் எடுக்காவிட்டால் பி, காசு திரும்ப வரும். யாராவது மறந்துவிட்டுப் போன காசு கிடைக்குமா என்று சிறுவர்கள் பெட்டி பெட்டியாகப் போய் பி-யை அழுத்துவது அங்கே ஒரு பொழுதுபோக்காகவே இருந்தது. எஸ்டிடி வந்து நேரத்துக்கு ஏற்பக் கட்டணம் என்றானதும் இந்தப் பெட்டியால் தாக்குப்பிடிக்க முடியவில்லை. அடுத்து வந்ததில் மறுமுனை எடுக்கும் வரை காசுத் துளை பூட்டியே இருக்கும். எடுத்ததும் பிப் பிப் என்று வேகமாக ஒலிக்கும், உடனே காசைத் தள்ள வேண்டும்.

அமெரிக்காவில் 1960களின் நடுவில் ஒற்றைத் துளைப் போன் வந்து மணிகள் போயின, இடத்தைப் பிடித்தவை மின்னணு பீப்கள். 1700, 2200 ஹெர்ட்ஸ் சேர்ந்த ஒலி: 5 சென்ட்டுக்கு ஒன்று, 10க்கு இரண்டு, 25க்கு ஐந்து. 1970களின் பிற்பகுதியில் ஆபரேட்டருக்குப் பதில் கணினியே கேட்டு எண்ண ஆரம்பித்தது. சத்தத்தை நம்புகிற கணினியைச் சத்தத்தாலேயே ஏமாற்றலாம் அல்லவா? ‘ரெட் பாக்ஸ்’ என்ற கையடக்கக் கருவி அந்த பீப்களை எழுப்பும். கடையில் விற்ற டோன் டயலரில் (போன் பட்டன்களின் ஒலியை எழுப்பும் சின்னக் கருவி) ஒலியின் அளவைத் தீர்மானிக்கும் ஒரு படிகத்தை மாற்றினாலே வேலை முடிந்தது. இதைத் திருட்டு என்று ஒதுக்கிவிடலாம்தான். ஆனால் பேச்சும் கணக்கும் ஒரே கம்பியில் போன நாளிலிருந்தே இந்த ஓட்டை இருந்தது என்பேன்.

அப்புறம் செல்போன். நியூயார்க் நகராட்சியின் கடைசிப் பொதுத் தொலைபேசியை 2022 மே மாதம் பெயர்த்து எடுத்தார்கள்.

சரி, இரண்டாவது கேள்வி. மூன்று துளைப் போனைச் சாதாரண லேண்ட்லைனில் மாட்டினால் காசு இல்லாமலே பேசலாம், சில மாடல்களில் வயரிங்கைக் கொஞ்சம் மாற்ற வேண்டியிருக்கும். ஆசைக்குக் காசு போட்டுப் பார்த்தால் மணி அழகாக அடிக்கும். ஆனால் வீட்டு இணைப்பில் அந்த நூறு வோல்ட் துடிப்பு வரப்போவதில்லை. காசு தொட்டியிலேயே உட்கார்ந்திருக்கும், தனியாக ஒரு கன்ட்ரோலர் செய்து வைத்தால்தான் இறங்கும்.