‘ஜெர்மன் ஜயன்ட்’ என்று சொல்லி விற்கும் குட்டியை வாங்கலாமா?

கேள்வி: நாங்கள் ஜெர்மனியில் டோர்ட்முண்ட் பக்கம் இருக்கிறோம். மகனிடம் இரண்டு வயதுப் பெண் பியர்டட் டிராகன் (வீட்டில் வளர்க்கும் ஓணான் வகை) ஒன்று இருக்கிறது, எடை 400 கிராம். இப்போது ‘ஜெர்மன் ஜயன்ட்’ குட்டி ஒன்று வேண்டும் என்று அடம்பிடிக்கிறான். விற்பவர் சாதாரணக் குட்டியைப் போல இரண்டு மடங்கு விலை சொல்கிறார். முக்கால் மீட்டர் வளருமாம். இது நிஜமா? இதற்குத் தனிச் சாப்பாடு, பெரிய தொட்டி வேண்டுமா? இருக்கிற பெண்ணோடு சேர்த்து வளர்க்கலாமா?

பதில்: பெரிதாக வளரும் வம்சம் உண்டு. ஆனால் டப்பாவில் இருக்கும் குட்டி அந்த வம்சம்தானா என்று குட்டியைப் பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது. என்னாலும் முடியாது, விற்பவராலும் முடியாது. பொரிந்து வரும்போது எல்லாக் குட்டிகளும் ஏறத்தாழ 10 செ.மீ. நீளம், இரண்டு மூன்று கிராம் எடைதான். வெள்ளிநிறக் கண், பொன்னிறக் கண் என்று சிலர் அடையாளம் சொல்வார்கள். அதை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள்.

இந்த விலங்கு (அறிவியல் பெயர் போகோனா விட்டிசெப்ஸ்) ஆஸ்திரேலியாவின் உள்நாட்டு வறண்ட நிலத்தைச் சேர்ந்தது. நம் ஊர் வேலியோர ஓணானுக்குச் சொந்தக்காரன். வளர்ந்த டிராகன் வழக்கமாக 45 முதல் 60 செ.மீ. வரை இருக்கும், அதில் பாதிக்கு மேல் வால். ஆஸ்திரேலியா தன் ஊர்வனவற்றை வணிகத்துக்காக வெளியே அனுப்புவதில்லை. ஐரோப்பாவில் இன்று விற்கப்படுபவை எல்லாம் பல பத்தாண்டுகளுக்கு முன் வெளியேறிய விலங்குகளின் வழிவந்தவை. அவற்றில் பெரிய ஆணையும் பெரிய பெண்ணையும் தேர்ந்து இணைத்து, அதன் குட்டிகளில் பெரியதை மறுபடி இணைத்து, ஜெர்மானிய வளர்ப்பாளர்கள் உருவாக்கியதுதான் இந்த ‘ஜயன்ட்’. 65, 70 செ.மீ. தாண்டும் என்பார்கள். ஒரு கிலோ தொட்டது என்றும் பேச்சு வரும். தராசில் ஒரு கிலோ காட்டும் டிராகன் என்றால் எனக்கு முதலில் கொழுப்பு படிந்த அதன் கல்லீரல்தான் ஞாபகம் வரும்.

இங்கே ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். ‘ஹைப்போ’, ‘டிரான்ஸ்’ போன்ற நிற மார்ஃப்கள் (வளர்ப்பில் உருவான நிற வகைகள்) ஒற்றை மரபணுவில் வருபவை. பெற்றோர் இருவரும் ஹைப்போ என்றால் குட்டியும் ஹைப்போதான். உடல் அளவு அப்படி இல்லை, பல மரபணுக்கள் சேர்ந்து தீர்மானிப்பது. ஒரு ஜயன்டைச் சாதாரண டிராகனோடு இணைத்தால் குட்டிகள் பெரும்பாலும் இடைப்பட்ட அளவில் நிற்கும். இன்னொரு தலைமுறை கலந்தால் பெயர் மட்டும் மிஞ்சும். கண்ணைப் பறிக்கும் நிறங்களுக்காக இந்த வம்சத்தை வருஷக்கணக்கில் கலந்துவிட்டார்கள். நாய்களுக்கு இருப்பதுபோல் வம்சப் பதிவேடும் இதற்குக் கிடையாது. அதனால்தான் ‘பாதி ஜயன்ட்’, ‘ஜயன்ட் ரத்தம்’ என்றெல்லாம் விளம்பரம் வருகிறது. விலை கூட்ட அது போதும்.

அப்படியானால் எதைப் பார்ப்பது? தாயையும் தகப்பனையும். இரண்டையும் காட்டச் சொல்லுங்கள், உங்கள் கண் முன்னால் அளக்கச் சொல்லுங்கள். மொத்த நீளம் ஏமாற்றும், ஏனென்றால் வால் நுனி கடிபட்டுப் போனால் இவற்றுக்குத் திரும்ப முளைக்காது. மூக்கு நுனியிலிருந்து மலத்துளை வரை உள்ள நீளம்தான் கணக்கு. டிராகனைச் சுவரோரமாக மேசையில் படுக்கவிட்டு, இழுக்காமல், டேப்பைப் பக்கத்தில் வையுங்கள். சாதாரண டிராகனில் இது 25 செ.மீ. தாண்டுவது அரிது. எடைக்குச் சமையலறைத் தராசு போதும்: அகலமான பிளாஸ்டிக் கிண்ணத்தில் துணி விரித்து, பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, அப்புறம் இறக்குங்கள். தாடியைக் கறுப்பாக்கிக்கொண்டு உடம்பைத் தட்டையாக விரிக்கும், அரை நிமிஷத்தில் அடங்கிவிடும். நீளம் குறைந்து எடை மட்டும் ஏறியிருந்தால் அது ஜயன்ட் இல்லை, குண்டு டிராகன்.

ஹாம் நகரில் வருஷத்துக்கு நான்கு முறை நடக்கும் பெரிய ஊர்வனச் சந்தை உங்களுக்குப் பக்கம்தான். வேடிக்கை பார்க்கக் கூட்டிப் போங்கள். ஆனால் எந்தச் சந்தையிலும் பெற்றோரைக் கையில் வாங்கி அளக்க வாய்ப்பு குறைவு. வளர்ப்பாளர் வீட்டுக்குப் போவதே நல்லது. அளவுதான் மகனுக்கு முக்கியம் என்றால் ஒன்றரை வயது தாண்டியதாகப் பாருங்கள். முதல் வருஷத்திலேயே பெரும்பகுதி வளர்ந்து, ஒன்றரை வயதுக்குள் வளர்ச்சி அநேகமாக நின்றுவிடும். கண்ணால் பார்ப்பதுதான் கிடைக்கும், ஏமாற இடமில்லை. மியூனிக்கில் உள்ளதுபோன்ற ஊர்வனக் காப்பகங்களிலும் விசாரிக்கலாம், வளர்ந்த டிராகன்கள் அங்கே வீடு தேடிக் காத்திருப்பதுண்டு.

சாப்பாட்டில் தனி முறை எதுவும் இல்லை. குட்டிக்குப் பூச்சி அதிகம், கீரை கொஞ்சம். வளர்ந்த பிறகு தலைகீழ்: தட்டில் பெரும்பங்கு கீரையும் காயும், வாரத்தில் இரண்டு மூன்று நாள் கிரிக்கெட், வெட்டுக்கிளி, டூபியா கரப்பான். ‘ஜயன்ட்தானே’ என்று சூப்பர்வார்மை (கொழுப்பு மிகுந்த பெரிய புழு) அள்ளிப் போடும் வீடுகளில்தான் சிக்கல் வருகிறது. அதிகத் தீனி எலும்பை நீட்டாது, கொழுப்பைத்தான் சேர்க்கும். கண்ணுக்குப் பின்னால் தலையின் இரு பக்கமும் உள்ள மேடு பந்துபோல் உப்பினால் குறைக்க வேண்டும் என்று அர்த்தம். குழிந்து கிடந்தால் போதவில்லை. கால்சியம் தூள் விஷயத்தில் மட்டும் சோம்பல் கூடாது. உடம்பு பெரிதாகும் வேகத்துக்கு எலும்பு ஈடுகொடுக்கவில்லை என்றால் விரல் துடிக்கும், தாடை மெத்தென்று ஆகும். அப்போது காத்திருக்காமல் ஊர்வன மருத்துவரிடம் போங்கள்.

தொட்டி, விளக்கு இரண்டிலும் வித்தியாசம் உண்டு. சாதாரண டிராகனுக்கு 120 × 60 × 60 செ.மீ. குறைந்தபட்சம். ஜெர்மனியில் பலரும் 150 × 80 × 80 சொல்வார்கள், எனக்கும் அதுவே சம்மதம். உண்மையான ஜயன்ட் என்றால் நீளம் 180 செ.மீ. வைத்துக்கொள்ளுங்கள். பலர் கவனிக்காதது வெயில் காயும் இடத்தை. ஒரே ஒரு ஹாலஜன் பல்பின் சூட்டு வட்டம் சிறியது. அகன்ற உடம்போடு அதன் கீழே படுத்தால் முதுகு நடுவில் சுடும், தோளும் இடுப்பும் சூடேறாது. உடம்பு முழுக்கச் சூடாகாததால் நகராமல் மணிக்கணக்கில் அங்கேயே கிடக்கும், முதுகில் கொப்புளம் வரும். அதற்குக் குறைந்த வாட்டில் இரண்டு மூன்று ஹாலஜன்களை வரிசையாகப் போட்டு உடம்பு நீளத்துக்கும் ஒரே சூடு வரச் செய்யுங்கள். கல்லின் மேல்பரப்பு 38 முதல் 42 டிகிரி செல்சியஸ், எதிர்ப்பக்கம் 25 சுமார், கட்டாயம் துப்பாக்கி வடிவ வெப்பமானியில் பாருங்கள். யுவிபி (புற ஊதா ஒளி) குழலுக்கான தூரத்தையும் கல்லிலிருந்து அளக்காமல் டிராகனின் முதுகிலிருந்து அளங்கள். பெரிய உடம்பு கல்லின் மேல் ஏறிப் படுத்தால் விளக்குக்குப் பல சென்டிமீட்டர் நெருங்கிவிடும்.

பெண் ஜயன்ட் என்றால் முட்டை ஞாபகம் இருக்கட்டும். ஆண் இல்லாமலேயே முட்டையிடும். சாதாரணப் பெண் ஒரு முறைக்கு 15 முதல் 30 முட்டை இடும், பெரிய உடம்புக்கு எண்ணிக்கை கூடலாம். தீனியில் கால்சியம் போதாவிட்டால் அது எலும்பிலிருந்துதான் போகும். தோண்டிப் புதைக்க 30 செ.மீ. ஆழத்துக்கு ஈரமணல் பெட்டி வேண்டும்.

கடைசிக் கேள்விக்கு நேரடிப் பதில்: சேர்க்கக் கூடாது. இவை தனியாக வாழும் விலங்குகள். புதிது குட்டியாக இருக்கும்வரை உங்கள் 400 கிராம் பெண் அதைக் கடித்துக் காலையோ வாலையோ துண்டாக்கலாம், விழுங்கவும் செய்யும். வளர்ந்து ஆணாக இருந்தால் இணையும்போது கழுத்தைக் கடித்துப் பிடிக்கும், சின்னப் பெண்ணுக்கு அது காயம், அப்புறம் ஓயாத முட்டை. இரண்டும் பெண் என்றாலும் ஒன்று மற்றதன் மேல் ஏறிப் படுத்து வெயிலையும் தீனியையும் பிடித்துக்கொள்ளும். பார்க்கப் பாசம்போல இருக்கும், அது ஆதிக்கம்.

வாங்குவதாக முடிவானால் புதியதை மூன்று மாதம் வேறு அறையில் வையுங்கள். அதற்கான இடுக்கி, தண்ணீர்க் கிண்ணம் தனி. அதற்குள் மலச் சோதனை செய்து காக்ஸிடியா (குடல் ஒட்டுண்ணி), ஊசிப்புழு பாருங்கள். தொண்டை அல்லது மலத்துளைச் சளி எடுத்து அடினோவைரஸ் சோதனையும் செய்யுங்கள். வெளியே நன்றாகத் தெரியும் டிராகனும் அதைச் சுமந்து வரலாம். அப்புறமும் இரண்டு தொட்டிகளை ஒன்றையொன்று பார்க்காதபடி வைக்க வேண்டும். 180 செ.மீ. தொட்டிக்கு இரண்டாவது சுவர் உங்கள் வீட்டில் காலியாக இருக்கிறதா என்று முதலில் அளந்து பாருங்கள், முன்பணம் அப்புறம் கொடுக்கலாம்.