அமெரிக்காவில் பப்ளிக் டிஃபெண்டர்கள், அதாவது வசதியில்லாதவர்களுக்காக அரசு செலவில் வாதாடும் வழக்கறிஞர்கள், தங்கள் நாட்டுக் குற்றவியல் நீதி முறை நியாயமானது என்று நினைக்கிறார்களா?

பெரும்பாலும் இல்லை. வெளியில் இருப்பவர்கள் பொய்சாட்சி, ஒருதலையான ஜூரி என்று விசாரணையைத்தான் குறை சொல்வார்கள். இவர்களோ, விசாரணை வரைக்கும் வழக்கு போனால்தானே என்பார்கள். 2012-ல் உச்ச நீதிமன்றமே ஒரு தீர்ப்பில் எழுதிய கணக்கு இது: ஃபெடரல் தண்டனைகளில் 97 சதவீதமும் மாநிலத் தண்டனைகளில் 94 சதவீதமும் குற்றத்தை ஒப்புக்கொண்டதால் வந்தவை.

ஏன் ஒப்புக்கொள்கிறார்கள்? ஒரு சின்னத் திருட்டு வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். ஜாமீன் 1,000 டாலர். ஜாமீன் முகவரிடம் போனால் வழக்கமாகப் பத்து சதவீதம், அதாவது 100 டாலர் கட்ட வேண்டும். வழக்கில் ஜெயித்தாலும் அது திரும்பாது. அந்த நூறும் கையில் இல்லை. அரசுத் தரப்பு சொல்கிறது: "இன்றைக்கே ஒப்புக்கொண்டால் உள்ளே இருந்த நாட்களே தண்டனை, சாயங்காலம் வீட்டுக்குப் போகலாம்." மறுத்தால் அடுத்த வாய்தா மூன்று வாரம் கழித்து. அதற்குள் வேலை போய்விடும். சாட்சியம் பலவீனம் என்று வழக்கறிஞருக்குத் தெரியும். ஆனாலும் உள்ளே கிடக்கப்போவது கட்சிக்காரர்தானே, கையெழுத்துப் போடாதே என்று எப்படி அடித்துச் சொல்வது?

அந்தக் கையெழுத்து அத்தோடு முடிவதும் இல்லை. குற்றப் பதிவு கூடவே வரும். குடியுரிமை இல்லாதவர் என்றால் நாடு கடத்தல்கூட வரலாம். நாடு கடத்தும் அபாயம் இருந்தால் வழக்கறிஞர் அதை முன்கூட்டியே சொல்லியாக வேண்டும் என்பது 2010-ல் வந்த தீர்ப்பு. கிரீன் கார்டில் இருப்பவர்கள் இதை மனதில் வையுங்கள்.

பெரிய வழக்குகளில் மிரட்டல் வேறு மாதிரி. 88.30 டாலர் போலிக் காசோலை வழக்கு ஒன்றில், ஐந்து வருடத்துக்கு ஒப்புக்கொள், இல்லையென்றால் ஏற்கெனவே தண்டனை பெற்றவர்களுக்குத் தண்டனையைக் கூட்டும் பழங்குற்றவாளிச் சட்டத்தையும் சேர்ப்பேன் என்றார் அரசு வழக்கறிஞர். குற்றம் சாட்டப்பட்டவர் மறுத்தார், கிடைத்தது ஆயுள் தண்டனை. 1978-ல் உச்ச நீதிமன்றம் 5-4 என்ற கணக்கில் அதைச் சரி என்றது. பேரத்துக்கும் மிரட்டலுக்கும் நடுவே கோடு எங்கே என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அடுத்த குறை, நேரம். வசதியில்லாதவருக்கு அரசே வழக்கறிஞர் தர வேண்டும் என்று 1963-ல் கிடியன் வழக்கில் தீர்ப்பு வந்தது. செலவை மாநிலங்களும், நம் மாவட்டம் மாதிரியான கவுண்டிகளும் ஏற்றன. 1973-ல் வகுத்த வரம்பின்படி ஒருவர் வருடத்துக்கு 150 பெருங்குற்ற வழக்குகள் வரை பார்க்கலாம். வருடத்துக்கு 2,080 வேலை நேரம் என்று வைத்தால் ஒரு வழக்குக்குப் பதினான்கு மணி நேரம்கூடத் தேறாது. 2023-ல் வந்த தேசிய ஆய்வு, பெருங்குற்றங்களில் மிக லேசானவற்றுக்கே 35 மணி நேரம் வேண்டும் என்கிறது. இடையில் என்ன மாறியது? போலீஸ் உடல் கேமரா. சம்பவ இடத்தில் மூன்று போலீஸ்காரர்கள் இரண்டு மணி நேரம் இருந்தால் பார்க்க ஆறு மணி நேர வீடியோ. பார்க்காமல் விட்டால், கட்சிக்காரரைக் காப்பாற்றும் பத்து விநாடி அதில்தான் இருந்திருக்கும்.

இதையெல்லாம் வைத்து, இலவச வக்கீல் என்றால் மட்டம் என்று முடிவு கட்டாதீர்கள். அந்தக் கோர்ட்டிலேயே தினமும் நிற்பவர்கள். எந்த நீதிபதி எதற்கு இளகுவார் என்பது அவர்களுக்கு அத்துப்படி. அவர்களிடம் இல்லாதது நேரம். குடும்பத்தார் அதைக் கொஞ்சம் மிச்சப்படுத்தித் தரலாம். வேலை, முகவரி, பிள்ளைகள் விவரத்தை ஒரே தாளில் எழுதி ஜாமீன் விசாரணைக்கு முன்பே கொடுங்கள். ஜெயில் தொலைபேசியில் வழக்கைப் பற்றிப் பேசவே பேசாதீர்கள், அது பதிவாகும். பக்கத்துக் கடையில் சிசிடிவி இருந்தால் கடை பெயர், தேதி, நேரத்தை அன்றைக்கே வழக்கறிஞருக்குச் சொல்லிவிடுங்கள். பல கேமராக்களில் சில நாட்களிலேயே பழைய பதிவின் மேல் புதியது ஏறிவிடும்.