கிட்டார்தான் வேலை என்கிறான் மகன்: டென்மார்க்கில் வாழும் ஒரு தாய்க்குப் பதில்

வணக்கம் அம்மா,

கிம்னாசியத்தின் (இங்குள்ள மூன்று வருட மேல்நிலைப் பள்ளி) இரண்டாம் ஆண்டோடு படிப்பை விட்டுவிட்டு, நண்பர்களின் இசைக்குழுவில் முழுநேரமாகக் கிட்டார் வாசிக்கப்போவதாக மகன் சொல்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். இந்த நாட்டில் அதை வைத்துப் பிழைக்க முடியுமா என்று கேட்கிறீர்கள். முடியும். ஆனால் அந்த வருமானம் எங்கிருந்து வருகிறது என்பது உங்களைவிட உங்கள் மகனுக்குத்தான் முதலில் தெரிய வேண்டும்.

அவர் முன்மாதிரியாகச் சொல்லும் மிக்கெல் லென்ட்ஸையே எடுத்துக்கொள்வோம். மைக்கேல் லேர்ன்ஸ் டு ராக் என்ற டென்மார்க் பாப் இசைக்குழுவின் கிட்டார் கலைஞர். குழு தொடங்கியது 1988இல், ஓர்ஹூஸ் நகரில். முதல் ஆல்பம் 1991இல் வந்தது. டென்மார்க்கைவிட இந்தோனேசியா, மலேசியா, தாய்லாந்து பக்கம்தான் அவர்களுக்குப் பெரிய கூட்டம் சேர்ந்தது. 2000இல் பேஸ் கிட்டார் வாசித்த சோரன் மாட்சன் விலகிவிட்டார். மற்ற மூவரும் விடாமல் தொடர்ந்தார்கள். மகன் பார்க்கும் மேடை வெளிச்சத்துக்குப் பின்னால் இத்தனை வருடப் பயணங்கள் இருக்கின்றன.

இனிப் பண விஷயம். அந்தக் குழுவின் பாடல்களில் பெரும்பாலானவை பாடகர் யாஷா ரிக்டர் எழுதியவை. டென்மார்க்கில் ஒரு பாட்டு வானொலியில் ஒலித்தால் பணம் இரண்டு வழியில் பிரியும். எழுதி இசையமைத்தவருக்குக் கோடா என்ற, அவர்களுக்கான உரிமத்தொகையை வசூலிக்கும் அமைப்பு வழியாகப் போகும். அந்த அமைப்பு 1926இல் இருந்து இயங்குகிறது. பதிவில் வாசித்தவருக்கும் பாடியவருக்கும் பதிவை வெளியிட்ட நிறுவனத்துக்கும் கிராமெக்ஸ் என்ற இன்னொரு அமைப்பு வழியாகப் போகும். வெறும் கிட்டார் மட்டும் வாசிப்பவருக்கு முதல் வழி அடைபட்டிருக்கும். 2004இல் அந்தக் குழுவை ஆசியாவில் மறுபடி தூக்கிவிட்ட பாட்டின் மெட்டுகூட, ஜாக்கி சியுங் 1993இல் பாடிப் புகழ்பெற்ற சீனப் பாட்டிலிருந்து வந்ததுதான். மெட்டு யாருடையதோ அவருக்கும் பங்கு உண்டு. அதனால் மகனிடம் நான் அழுத்திச் சொல்வது இதைத்தான்: வாசித்தால் மட்டும் போதாது, பாட்டும் எழுத வேண்டும். குழுவில் யார் எதை எழுதினார், யாருக்கு எவ்வளவு பங்கு என்பதை, நட்பு நன்றாக இருக்கும்போதே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளட்டும். பிறகு கேட்பது மிகவும் கஷ்டம்.

படிப்பை நிறுத்துவதை நான் ஆதரிக்கவில்லை. உயர் இசைக் கல்லூரிகளில் சேர கிம்னாசியப் புள்ளிகளைவிட நுழைவுத் தேர்வில் அவர் வாசிப்பதும் சொந்தமாக உருவாக்கியதும்தான் முக்கியம், உண்மைதான். ஆனால் இருபத்தைந்து வயதில் மனம் மாறினால் பல்கலைக்கழகத்துக்குப் போகும் நேர்வழி அந்தச் சான்றிதழ்தானே? இன்னும் ஒரே வருடம். மாலையில் வாசிப்பதற்கு அது தடையே இல்லை.

உங்கள் நகரசபையின் இசைப்பள்ளியில் இப்போதே சேர்த்துவிடுங்கள். ஒவ்வொரு நகரசபையும் ஒன்றை நடத்த வேண்டும் என்பது சட்டம். செலவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மாணவர்களிடம் வாங்கவும் கூடாது. அங்கிருந்து எம்ஜிகே என்ற மூன்று வருட ஆயத்தப் படிப்பு. அதற்கு அப்புறம் கோப்பன்ஹேகனில் 1986இல் தொடங்கிய ரிதமிக் (பாப், ராக், ஜாஸ் போன்ற) இசைக் கல்லூரி, அல்லது ஓர்ஹூஸ், ஓல்போர், ஓடென்ஸ, எஸ்பியா கல்லூரிகள். இடம் குறைவு, போட்டி அதிகம். டென்மார்க் குடிமக்களுக்குக் கட்டணம் கிடையாது. மாணவர் உதவித்தொகையும் உண்டு. படித்து முடித்தவர்களில் பலர் வாரத்தில் சில நாட்கள் இசைப்பள்ளியில் கற்பித்து, மீதி நாட்களில் மேடை ஏறுகிறார்கள். அதை நான் தோல்வியாகவே பார்க்கவில்லை, அம்மா. மாதச் சம்பளம் வருகிறது, கையில் கிட்டாரும் இருக்கிறது.

உங்களுக்குப் பிடிக்காத ஒன்றையும் சொல்கிறேன். கிம்னாசியம் முடிந்ததும் அரை வருடம் அவரை ஓர் இசை ஹோய்ஸ்கோலவுக்கு, அதாவது பெரியவர்கள் தங்கிக் கற்கும் பள்ளிக்கு, அனுப்புங்கள். வீக் ஊரில் உள்ள டென் ரித்மிஸ்க ஹோய்ஸ்கோல போன்ற இடங்கள். பரீட்சையோ புள்ளிகளோ சான்றிதழோ இல்லை. அதற்கா பணம் கட்டுவது என்று வீட்டில் கேட்பார்கள். அங்கேயே தங்கி, காலை முதல் இரவு வரை இசையோடு இருப்பார்கள். நாள் முழுக்க இதையே செய்ய விருப்பமா, இல்லை வெள்ளிக்கிழமை இரவுகளில் மட்டும்தானா என்பது அவருக்கே புரிந்துவிடும். நாமெல்லாம் சேர்ந்து சொன்னாலும் அது புரியாது.

அடுத்த சந்திப்புக்கு அவரையும் கூட்டி வாருங்கள். அவரே எழுதிய பாட்டு இரண்டு, கைபேசியில் பதிவுசெய்ததாக இருந்தாலும் போதும், கொண்டுவரச் சொல்லுங்கள். அவருடைய அப்பாவும் வந்தால் இன்னும் நல்லது.