ஏஜென்ட் மேல் புகார் கொடுத்தால் மகனும் மாட்டுவானா?

கேள்வி: குளச்சல் பக்கம் எங்கள் ஊர். ஐரோப்பாவில் வேலை என்று ஒரு ஏஜென்ட் என் மகனை விசிட் விசாவில் வேறொரு நாட்டுக்கு அனுப்பி, அங்கிருந்து ராத்திரியில் எல்லை தாண்ட வைத்தான். பிடிபட்டுத் திரும்பி வந்துவிட்டான். நகை அடகு வைத்துக் கொடுத்த பணத்தைக் கேட்டால், "புகார் கொடுத்தா உன் மகனும்தான் உள்ளே போவான்" என்கிறான்.

பதில்: அம்மா, இது பெரும்பாலும் பூச்சாண்டிதான். புலம்பெயர்வோரைச் சட்டவிரோதமாகக் கடத்துவதற்கு எதிரான ஐ.நா. நெறிமுறை 2000-இல் வந்தது, இந்தியா 2011-இல் ஏற்றது. காசுக்காக எல்லை தாண்ட வைப்பவன்தான் அதில் குற்றவாளி. கடத்தப்பட்டவர் என்ற ஒரே காரணத்துக்காக ஒருவர் மேல் அதன்படி வழக்குப் போடக் கூடாது என்கிறது 5-வது பிரிவு.

'பெரும்பாலும்' என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. உள்நாட்டுச் சட்டப்படி குற்றமென்றால் நடவடிக்கை எடுக்கலாம் என்று அடுத்த பிரிவிலேயே வைத்திருக்கிறார்கள், நம் 1983 குடிபெயர்வுச் சட்டத்தின் 24-வது பிரிவும் விதியை மீறி வேலைக்குப் போனவரையும் விட்டுவைக்கவில்லை. ஆனால் அந்தச் சட்டத்தில் வழக்குத் தொடர மத்திய அரசின் முன் அனுமதி வேண்டும், ஏஜென்ட் நினைத்தவுடன் நடக்காது. பாதிக்கப்பட்டவரோ அவருக்காகப் பெற்றோரோ புகார் கொடுத்தால் மட்டும் 27-வது பிரிவுப்படி அந்த அனுமதி தேவையில்லை. இது அவனுக்கும் தெரிந்திருக்கும், அதனால்தான் மிரட்டுகிறான்.

மகனை உட்கார வைத்து இரண்டு விஷயம் கேளுங்கள். பாஸ்போர்ட்டில் போலி முத்திரை, திருத்தம் ஏதாவது தெரிந்தே செய்தானா? அப்படியென்றால் பாஸ்போர்ட் சட்டத்தின் 12-வது பிரிவு தனியாக வரும். அப்புறம், ஊரில் வேறு பையன்களைச் சேர்த்துவிட்டு ஏஜென்டிடம் கமிஷனோ கட்டணத்தில் கழிவோ வாங்கினானா? இதுதான் எனக்குப் பெரிய கவலை, ஏனென்றால் ஆள் பிடித்துக் கொடுத்துக் காசு பார்த்தவன் பாதிக்கப்பட்டவன் என்ற வரிசையிலிருந்து விலகி ஏஜென்டின் கூட்டாளியாகிவிடுகிறான். இரண்டில் ஒன்றுக்கு 'ஆம்' என்றாலும் முதலில் வக்கீல், பிறகுதான் புகார்.

இல்லையென்றால் தாமதிக்காதீர்கள். பணம் அனுப்பிய ரசீது, வாட்ஸ்அப் பேச்சு, அடகுச் சீட்டு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு நாகர்கோவில் எஸ்.பி. அலுவலகத்தில் மகன் பெயரில் மனு கொடுங்கள். குடிபெயர்வுச் சட்டத்தோடு பாரதிய நியாய சன்ஹிதா 318(4) மோசடிப் பிரிவையும் கேளுங்கள். முதல் சட்டத்தில் அபராதமே 2,000 ரூபாய்தான், லட்சக்கணக்கில் சுருட்டியவனுக்கு அது டீச்செலவு; 318(4)-இல் ஏழு ஆண்டு வரை சிறை உண்டு. வக்கீலுக்குப் பணமில்லையென்றால் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், அல்லது 15100-க்கு அழையுங்கள். பெண் என்பதால் உங்களிடம் வருமானக் கணக்குக் கேட்க மாட்டார்கள்.