காட்டு வான்கோழி வேட்டை: புதியவர்களின் கேள்விகள்

வசந்தகால சீசன் நெருங்குகிறது, அமெரிக்காவில் இருக்கும் நம்மவர்களின் கேள்விகளும் குவிந்துவிட்டன. அடிக்கடி வருபவற்றுக்கு மட்டும் இங்கே பதில்.

கேள்வி: எச்1பி விசாவில் இருக்கிறேன். துப்பாக்கி வாங்கலாமா?

பதில்: இந்த மாதிரி விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது என்பதுதான் கூட்டாட்சிச் சட்டத்தின் பொது விதி. ஏதாவது ஒரு மாநிலத்தின் காலாவதியாகாத வேட்டை லைசென்ஸ் இருந்தால் விலக்கு உண்டு. ஆகவே முதலில் வேட்டைப் பாதுகாப்பு வகுப்பு, அப்புறம் லைசென்ஸ், கடைசியில்தான் துப்பாக்கி. லைசென்ஸைப் புதுப்பிக்க மறந்தால் விலக்கும் போய்விடும், அலமாரியில் சும்மா கிடக்கும் துப்பாக்கியே உங்களை வம்பில் மாட்டிவிடும். மாநிலச் சட்டம் வேறு தனியாக இருக்கிறது, குடியேற்ற வக்கீலிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். கிரீன் கார்டுக்காரர்களுக்கு இந்தக் கூட்டாட்சித் தடை கிடையாது.

கேள்வி: மான் வேட்டை ரைஃபிள் இருக்கிறது, அதுவே போதுமா?

பதில்: பல மாநிலங்களில் வான்கோழிக்கு ரைஃபிள் அனுமதியே இல்லை. 12 அல்லது 20 கேஜ் (குழல் அளவு) ஷாட்கன், இறுக்கமான சோக் (ரவை எனும் சிறு குண்டுகள் அதிகம் சிதறாமல் குழல் முனையைக் குறுக்கும் துண்டு), அவ்வளவுதான். தலையும் கழுத்தும்தான் குறி. மார்பில் சுட்டால் அடிபட்ட பறவை ஓடிப்போய் எங்கோ புதரில் சாகும், அது பாவம். சீசனுக்கு முன்பே 40 கஜத்தில் ஒரு அட்டையை வைத்துச் சுட்டு, ரவைகள் எப்படிப் பரவுகின்றன என்று பாருங்கள். பரவல் மோசமென்றால் இன்னும் கிட்டே வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

கேள்வி: சேவல் கொக்கரிக்கிறது, கிட்டே வரமாட்டேன் என்கிறது. சத்தம் வரும் பக்கம் பதுங்கிப் போகலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். அந்தச் சத்தம் உங்களைப் போலவே, வான்கோழிபோலக் குரல் எழுப்பும் ஒலிப்பான் வைத்திருக்கும் இன்னொரு வேட்டைக்காரராக இருக்கலாம், அவரும் உங்களைப் பறவை என்று நினைக்கலாம். தோளைவிட அகலமான மரத்தில் முதுகைச் சாய்த்து உட்காருங்கள். சிவப்பு, வெள்ளை, நீலம் எதுவும் உடம்பில் தெரியக் கூடாது, கைக்குட்டைகூட. வசந்தத்தில் சேவலின் தலை அந்த நிறங்களில்தான் இருக்கும். யாராவது வருவது தெரிந்தால் கையசைக்காமல் வாய்விட்டுச் சத்தமாகப் பேசுங்கள்.

சேவல் ஏன் வரவில்லை என்றால், வழக்கமாகப் பெட்டைதான் சேவலைத் தேடிப் போகும், நீங்களோ ஒலிப்பானில் பெட்டைபோலக் கூப்பிட்டு அதைத் தலைகீழாகக் கேட்கிறீர்கள், அதனால் அது தோகையை விரித்து மாப்பிள்ளை முறுக்கோடு நின்ற இடத்திலேயே நிற்கும். பதிலுக்குப் பதில் கூப்பிட்டுக்கொண்டே இருந்தால் அந்த முறுக்கு இன்னும் கூடும். கூப்பிடுவதை நிறுத்திவிட்டு, பெட்டை கிளறுவதுபோலச் சருகை ரெண்டு தடவை கையால் கிளறிவிட்டு, அசையாமல் இருங்கள். கொக்கரிப்பு நின்றுவிட்டால் போய்விட்டது என்று உடனே எழுந்துவிடாதீர்கள், சத்தமில்லாமல் நடந்து வருவது இதன் பழக்கம். மோப்பம் மோசம், பார்வையோ பயங்கரம். கொசு கடித்தாலும் கையைத் தூக்காதீர்கள்.

கேள்வி: நெஞ்சில் மயிர்க்கற்றைபோலத் தொங்கும் தாடி இருந்தால் சேவல்தானே?

பதில்: எப்போதும் இல்லை, சில பெட்டைகளுக்கும் தாடி முளைக்கும். வேட்டை விதியில் 'தாடி உள்ள பறவை' என்று எழுதியிருக்கும் மாநிலங்களில் அதைச் சுடுவது சட்டப்படி சரி, ஆனால் அது முட்டையிடும் காலம், விட்டுவிடுங்கள்.

கேள்வி: கறி ரப்பர் மாதிரி இருக்குமாமே?

பதில்: கால்கறிதான் அப்படி, குக்கரில் நன்றாக வேகவைத்துக் குழம்பு வையுங்கள். நெஞ்சுக்கறியை மெலிதாக அரிந்து மிளகு போட்டுச் சட்டென்று வறுத்தால் போதும். ரவை மாட்டியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்துவிட்டே அடுப்பில் ஏற்றுங்கள்.