பெயருக்கு இளைஞர், கையெழுத்துக்குப் பெரியவரா?

கேள்வி: எங்கள் தொண்டு நிறுவனம் பதினைந்து வருடமாக இயங்குகிறது. ‘இளைஞர்கள் முன்னின்று நடத்தும் சமூகத் திட்டங்களுக்கு நிதியுதவி’ என்ற அறிவிப்பைப் பார்த்து விண்ணப்பித்தோம். ‘இளைஞர் தலைமை தெளிவாக இல்லை’ என்று ஒரே வரியில் திருப்பிவிட்டார்கள். நாற்பது இளைஞர்கள் பங்கேற்பார்கள் என்று எழுதியிருந்தோமே, இன்னும் என்ன தெளிவு வேண்டும்?
- ஒரு நிறுவனச் செயலாளர்

பதில்: நாற்பது பேர் பங்கேற்பார்கள், சரி. அவர்கள் எதைத் தீர்மானிப்பார்கள்? இந்தக் கேள்விக்குத்தான் உங்கள் விண்ணப்பத்தில் பதில் இருந்திருக்காது.

இந்த அடி எனக்கும் விழுந்திருக்கிறது. நான் வேலை பார்த்த ஒரு சிறிய அமைப்புக்காக ராத்திரி முழுக்கக் கண்விழித்து விண்ணப்பம் எழுதினேன். ‘திட்டத் தலைவர்’ என்ற கட்டத்தில், எங்களிடம் வந்துபோய்க்கொண்டிருந்த பத்தொன்பது வயதுப் பெண்ணின் பெயரைப் போட்டேன். அவளிடம் அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்ற நினைப்பு. மதிப்பீட்டுக் குழுவிலிருந்து நேராக அவளுக்கே போன் போய்விட்டது. “எந்தத் திட்டம்?” என்று கேட்டாளாம். விண்ணப்பம் அங்கேயே படுத்துவிட்டது. அவள் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. பேசாததில் தப்பே இல்லை.

பிறகு சில வருடம் அதேபோன்ற குழுக்களில் நானும் உட்கார்ந்தேன். நான் முதலில் திறப்பது பட்ஜெட் பக்கத்தை. முன்பக்கங்களில் ‘இளைஞர்’ என்ற சொல் இருபது தடவை வந்திருக்கும். பட்ஜெட்டுக்கு வந்தால் ஒருங்கிணைப்பாளர் சம்பளம், அலுவலக வாடகை, பயிற்சியாளர் கட்டணம். இளைஞர்களுக்கு என்று தேடினால் டீ-ஷர்ட். அவர்கள் செலவிடும் நேரத்துக்கு ஊக்கத்தொகை கிடையாது, போக்குவரத்துச் செலவு கிடையாது, அவர்களே முடிவெடுத்துச் செலவழிக்க ஒரு சிறு தொகைகூடக் கிடையாது. அதற்குமேல் படிப்பது வெறும் கடமைக்குத்தான்.

ராஜர் ஹார்ட் என்ற ஆய்வாளர் 1992-இல் யுனிசெஃபுக்காக எழுதிய கட்டுரையில், குழந்தைகளின் பங்கேற்பை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாக வரைந்து காட்டினார். சிறுவர்களைத் தங்கள் காரியத்துக்குப் பயன்படுத்திக்கொள்வது, அலங்காரத்துக்கு நிறுத்துவது, ஒப்புக்குச் சேர்த்துக்கொள்வது ஆகிய அடி மூன்று படிகளும் அவர் கணக்கில் பங்கேற்பே இல்லை. ஆனால் உச்சிப் படியைப் பாருங்கள். இளையவர்கள் தொடங்கிவைத்து, பெரியவர்களோடு சேர்ந்து முடிவெடுப்பதுதான் அது. ஆகவே நீங்கள் ஓரமாகப் போய் ஒளிந்துகொள்ள வேண்டியதில்லை. கணக்கு வழக்கு, தணிக்கை, பாதுகாப்பு எல்லாம் உங்கள் பொறுப்பு என்றும், என்ன செய்வது, யாருக்குச் செய்வது, எதற்குச் செலவழிப்பது என்பதெல்லாம் அவர்கள் கையில் என்றும் பெயர், பொறுப்பு சகிதம் எழுதுங்கள்.

இன்னொன்று: பெரியவர்கள் சொன்ன எந்த யோசனையை இளைஞர்கள் வேண்டாம் என்றார்கள் என்பதையும் சேருங்கள். எனக்கு மறக்காத ஒரு விண்ணப்பத்தில், நிர்வாகம் படிப்பகம் கட்டலாம் என்றிருக்கிறது. இளைஞர்கள் அறுபது வீடுகளில் கேட்டுவிட்டு வந்து, ‘படிக்க இடம் இருக்கிறது, இருட்டில் திரும்பிவரப் பாதையில்தான் விளக்கு இல்லை’ என்றார்களாம். அதை மறைக்காமல் எழுதியிருந்தார்கள். எங்கள் குழுவில் ஒருவர்கூட மறுப்புச் சொல்லவில்லை.

கேள்வி: எங்கள் குழுத் தலைவருக்கு 31 வயது. அவரை இளைஞர் என்று காட்டலாமா?

பதில்: பணம் கொடுப்பவரைப் பொறுத்தது. ஐ.நா. தன் புள்ளிவிவரங்களில் 15 முதல் 24 வரை இளைஞர் என்கிறது. காமன்வெல்த்துக்கு 29 வரை, ஆப்பிரிக்க இளைஞர் சாசனத்துக்கு 35 வரை. உங்கள் தலைவர் ஓர் இடத்தில் இளைஞர், இன்னோர் இடத்தில் ஆலோசகர். வயதை எந்தத் தேதியில் கணக்கிடுகிறார்கள் என்பதையும் பாருங்கள். விண்ணப்பக் கடைசி நாளா, திட்டம் தொடங்கும் நாளா? இதில் வழுக்கி விழுந்தவர்கள் நிறைய. குழுவில் 18 வயதுக்குக் கீழே யாராவது இருந்தால், பெற்றோர் ஒப்புதலும் சிறார் பாதுகாப்புக் கொள்கையும் கேட்பார்கள். கடைசி ராத்திரி உட்கார்ந்து தயாரிக்கிற சமாசாரம் இல்லை அது.

கேள்வி: நாங்கள் ஏழு கல்லூரி மாணவர்கள். பதிவு செய்யாத குழு. ஒரு தொண்டு நிறுவனம் எங்கள் திட்டத்துக்குத் தன் பெயரில் விண்ணப்பிக்கிறேன் என்கிறது. நம்பலாமா?

பதில்: நம்புங்கள், ஆனால் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பதிவில்லாத குழுவுக்கு நேரடியாகப் பணம் தராத நிதியாளர்கள் பலர், ஆகவே இந்த ஏற்பாடு ஒன்றும் புதிதில்லை. நிர்வாகச் செலவுக்கென்று நிறுவனம் எத்தனை சதவீதம் எடுத்துக்கொள்ளும்? நீங்கள் பில் கொடுத்தால் எத்தனை நாளில் பணம் வரும்? செலவுக்கு ஒப்புதல் தரும் கையெழுத்தில் ஒன்றாவது உங்களுடையதா? வாங்கும் கேமராவும் கணினியும் திட்டம் முடிந்தபின் யாருக்கு? இவற்றைக் கேட்டதும் முகம் சுளிப்பவர்களோடு ஒரு வருடம் தள்ளுவது கஷ்டம். கால அட்டவணையை நீங்களே போடுங்கள். பரீட்சை மாதத்தில் பெரிய நிகழ்ச்சியை வைத்திருக்கும் விண்ணப்பத்தைப் பார்த்தாலே, மாணவர் யாரும் அதைத் தொடவில்லை என்று தெரிந்துவிடும்.

கேள்வி: ஒருமுறை நிராகரித்தவர்களிடமே மறுபடி போகலாமா?

பதில்: தாராளமாக. போவதற்கு முன் மதிப்பீட்டுக் குறிப்பைக் கேட்டு வாங்குங்கள். எல்லோரும் தருவதில்லை, ஆனால் கேட்டதற்காக யாரும் கோபித்துக்கொண்டதில்லை. மேலே சொன்ன அந்தப் பெண், பேச ஆரம்பித்தபிறகு முதலில் கேட்டது அந்தக் குறிப்பைத்தான். அடுத்த விண்ணப்பத்தை அவளும் அவள் தோழிகளும் எழுதினார்கள். நான் எழுதியிருந்த முன்னுரையை மொத்தமாக அடித்துவிட்டு, இணைப்புகளை ஸ்கேன் செய்யும் வேலையை எனக்குக் கொடுத்தார்கள். கேட்டதில் முக்கால் பங்கு கிடைத்தது.