பனிவண்டி ஏன் முதுகை உடைக்கிறது? சஸ்பென்ஷன் குறித்த கேள்விகளும் பதில்களும்

ஸ்னோமொபைல் எனப்படும் பனிவண்டியின் சஸ்பென்ஷன் (மேடுபள்ள அதிர்வைத் தாங்கும் அமைப்பு) குறித்து உறுப்பினர்கள் அனுப்பிய கேள்விகளுள் பலருக்கும் பயன்படக்கூடியவற்றைத் தேர்ந்தெடுத்துப் பதில் எழுதியிருக்கிறேன். மாடலுக்கு மாடல் அளவுகள் மாறும் என்பதால், போல்ட்டை எவ்வளவு முறுக்குவது, ட்ராக்கை (வண்டியைத் தள்ளும் ரப்பர் பட்டையை) எவ்வளவு இறுக்குவது போன்றவற்றுக்கு உங்கள் வண்டியின் கையேட்டையே பாருங்கள்.

கேள்வி: ஐயா, பழைய வண்டி ஒன்றை வாங்கினேன். சிறிய மேட்டில் ஏறினால்கூட முதுகெலும்பில் இடி விழுகிறது. மென்மையான ஸ்பிரிங் வாங்கிப் போட்டுவிடலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். இடி விழுவதற்கு நேர் எதிரான இரண்டு காரணங்கள் இருக்க முடியும். ஸ்பிரிங் மிகவும் கடினமாக இருந்து சஸ்பென்ஷன் அசையாமலே நிற்பது ஒன்று; மிகவும் மென்மையாக இருந்து கடைசிவரை அமுங்கி, ரப்பர் தடுப்பில் போய் முட்டுவது மற்றொன்று. முதுகுக்கு இரண்டும் ஒரே வலிதான். இரண்டாம் வகைச் சிக்கலுக்கு மென்மையான ஸ்பிரிங் போட்டவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்கள் பணம் செலவழித்து வலியை வாங்கிக்கொண்டவர்கள்.

எதுவென்று அறிய, ஷாக் அப்சார்பரின் பளபளப்பான தண்டில் ஒரு பிளாஸ்டிக் கட்டுப்பட்டையைத் தளர்வாகக் கட்டி, அதை உருளையோடு ஒட்டித் தள்ளிவிட்டு, வழக்கமான பாதையில் வழக்கமான வேகத்தில் ஓட்டிவிட்டு வாருங்கள். பட்டை தண்டின் பாதியிலேயே நின்றிருந்தால் உங்கள் சஸ்பென்ஷன் உண்மையிலேயே கடினம். கடைசி முனைவரை போயிருந்தால் அது போதிய வலுவின்றி அடித்தட்டுகிறது என்று பொருள். மிகப் பெரிய மேட்டில் மட்டும் எப்போதாவது ஒருமுறை முனையைத் தொடுவதே சரியான நிலை.

கேள்வி: உட்கார்ந்தவுடன் வண்டி எவ்வளவு தாழ வேண்டும்? அதை எப்படி அளப்பது?

பதில்: பின்பக்க பம்பரைப் பிடித்து, சஸ்பென்ஷன் முழுவதும் நீளும் வரை தூக்கி, தரையிலிருந்து பம்பர் வரை உள்ள உயரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஹெல்மெட், காலணி, முதுகுப்பை உட்பட ஓட்டும்போது அணியும் எல்லாவற்றையும் அணிந்துகொண்டு வண்டியில் ஏறி, இரண்டு மூன்று முறை குதித்து அமர்ந்தபின், அதே உயரத்தை இன்னொருவரை அளக்கச் சொல்லுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பின்பக்க மொத்த அசைவில் ஏறக்குறைய கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குக்குள் இருந்தால் அது நல்ல தொடக்கம். வண்டி தாழவே இல்லையென்றால், பின் டார்ஷன் ஸ்பிரிங்கின் (முறுக்கத்தால் விசை தரும் சுருள் கம்பியின்) காலை, அதாவது நீண்ட முனையை, தாங்கும் கேமை (பல நிலைகளில் திருப்பக்கூடிய கட்டையை) அடுத்த மென்மையான நிலைக்குத் திருப்புங்கள். இடம் வலம் இரண்டும் ஒரே நிலையில் இருக்க வேண்டும்.

கேள்வி: என் எடை 55 கிலோ. கேம் ஏற்கெனவே மிக மென்மையான நிலையில்தான் இருக்கிறது. ஆனாலும் வண்டி தாழவில்லை.

பதில்: அப்படியானால் ஸ்பிரிங்கை மாற்ற வேண்டியவர் நீங்கள்தான். கேம் மாற்றுவது பிரீலோட் எனப்படும் முன்னிறுக்கத்தை மட்டுமே, ஸ்பிரிங்கின் இயல்பான கடினத்தை அல்ல. டார்ஷன் ஸ்பிரிங்கின் கடினம் கம்பியின் விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்து ஏறுகிறது. மற்ற அளவுகள் ஒன்றாகவே இருந்து, 0.347 அங்குலக் கம்பிக்கு மாறாக 0.375 அங்குலக் கம்பி இருந்தால், கண்ணுக்குத் தெரியாத அந்த வேறுபாடே கடினத்தைச் சுமார் 36 சதவீதம் கூட்டிவிடும். முந்தைய உரிமையாளர் பருமனானவராக இருந்து தடித்த கம்பி போட்டிருக்கலாம். கேலிப்பரால் அளந்து பார்த்துவிட்டு வாங்குங்கள்.

கேள்வி: சென்ற பருவத்தில் மெத்தைபோல் ஓடிய வண்டி இந்தப் பருவத்தில் பலகைபோல் ஆகிவிட்டது. நான் எதையும் மாற்றவில்லை.

பதில்: மாற்றாததுதான் காரணம். ட்ராக்கின் சட்டகத்தை வண்டியோடு இணைக்கும் பின்பக்கக் கைகள் சுழலும் தண்டுகளிலும் புஷ்களிலும் (தண்டைச் சுற்றிய உள்ளுறைகளிலும்) கிரீஸ் வற்றித் துருவேறினால், எந்த ஸ்பிரிங்கும் தன் வேலையைச் செய்ய முடியாது. வண்டியை உயர்த்தி, டார்ஷன் ஸ்பிரிங்கின் கால்களை விடுவித்து, ஷாக்கின் ஒரு முனையைக் கழற்றிவிட்டுக் கைகளை அசைத்துப் பாருங்கள். அவை தம் எடையிலேயே தடையின்றி இறங்க வேண்டும். தள்ளினால்தான் இறங்குகின்றன என்றால் சிக்கல் அங்கேதான். ஸ்பிரிங் காலை விடுவிக்கும்போது அதற்குரிய கருவியைப் பயன்படுத்துங்கள், முகத்தை அதன் நேருக்கு நேர் வைக்காதீர்கள். கழன்றால் பல்லைப் பெயர்க்கும் விசை அதில் அடங்கியிருக்கிறது.

குளிரில் உறையாத கிரீஸை எல்லா நிப்பிள்களிலும், பழைய அழுக்குக் கிரீஸ் வெளியே பிதுங்கும் வரை செலுத்துங்கள். அழுத்த நீரால் வண்டியைக் கழுவுபவர்கள், அந்த நீர் கிரீஸைத் துரத்திவிட்டுத் தான் உள்ளே குடியேறி இரவில் உறைந்துவிடும் என்பதை நினைவில் கொண்டு, ஒவ்வொரு கழுவலுக்குப் பிறகும் இதைச் செய்ய வேண்டும். ட்ராக்கின் இறுக்கத்தையும் பாருங்கள். அளவுக்கு மீறி இறுகிய ட்ராக், சஸ்பென்ஷனைக் கட்டிப்போட்டதுபோல் பிடித்துக்கொள்ளும்.

கேள்வி: முதல் இரண்டு மூன்று மேடுகளில் சுகமாக இருக்கிறது. மேடுகள் வரிசையாக வரத் தொடங்கினால் போகப்போகக் கல்லாகிறது. ஏன்?

பதில்: எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. ரீபவுண்ட், அதாவது அமுங்கிய ஷாக் திரும்பி நீளும் வேகம், மிகவும் குறைவாக வைக்கப்பட்டிருக்கிறது. முதல் மேட்டில் அமுங்கிய ஷாக் முழுவதும் நீள்வதற்குள் அடுத்த மேடு வந்துவிடுகிறது. ஒவ்வொரு மேட்டிலும் மீதமுள்ள அசைவு சுருங்கிக்கொண்டே போய், ஐந்தாவது மேட்டில் அசைய இடமே இருப்பதில்லை. ரீபவுண்ட் திருகு இருக்குமானால் இரண்டு இரண்டு சொடுக்காகத் தளர்த்தி, அதே பாதையில் மீண்டும் ஓட்டிப் பாருங்கள். வண்டி பின்புறமாக உதைக்கத் தொடங்கினால் ஒரு சொடுக்குத் திரும்பி வாருங்கள்.

கேள்வி: முதுகுக்குக் குறையில்லை, கைகளும் தோளும்தான் வலிக்கின்றன.

பதில்: முதலில் முன் ஸ்கீக்களின் (வண்டியைத் திருப்பும் சறுக்குப் பலகைகளின்) ஸ்பிரிங்குகளின் முன்னிறுக்கத்தைக் குறையுங்கள். அடுத்து ட்ராக்கின் முன்பகுதியைத் தாங்கும் நடு ஷாக்கைக் கவனியுங்கள். மேட்டை ட்ராக் சந்திக்கும்போது முதல் அடியை வாங்குவது அதுதான். ஆனால் அதன் ஸ்பிரிங்கைத் தளர்த்தினால் ஸ்கீக்களின் மேல் எடை கூடித் திருப்புவது கனக்கும். சஸ்பென்ஷனின் முன்பகுதி எவ்வளவு கீழிறங்கலாம் என்று கட்டுப்படுத்தும் லிமிட்டர் பட்டையை நீட்டினால் ஸ்கீக்கள் இலேசாகும். மிகவும் நீட்டினாலோ வளைவில் வண்டி திரும்பாமல் நேரே போகும். ஒன்றைத் தொட்டால் மற்றொன்று நகரும் என்பதால், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிக் குறித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: காற்று ஷாக்குகளை வீட்டுக் கொட்டகையில் சரியாக நிரப்புகிறேன். வெளியே போனால் அடித்தட்டுகிறது.

பதில்: கொட்டகை 20 டிகிரி செல்சியஸாகவும் வெளியே மைனஸ் 20 ஆகவும் இருந்தால், உள்ளிருக்கும் காற்றின் தனி அழுத்தம் (வெளிக்காற்றின் அழுத்தத்தையும் சேர்த்துக் கணக்கிடும் அழுத்தம்) சுமார் 14 சதவீதம் விழும். வண்டியை வெளியே நிறுத்திக் குளிரவிட்டு, ஷாக்கின் மேல் எடை இல்லாதபடி உயர்த்திய பிறகு, ஷாக்குக்கென்றே உள்ள கைப்பம்பால் நிரப்புங்கள்.

கேள்வி: தடித்த இருக்கை போட்டால் போதாதா?

பதில்: நடுக்கம் குறையும், இடி குறையாது.

கேள்வி: ஷாக்கை நானே திறந்து எண்ணெய் மாற்றலாமா?

பதில்: திறக்கக்கூடிய வகையாக இருந்தாலும், உள்ளே நைட்ரஜன் வாயு உயர் அழுத்தத்தில் இருக்கிறது, அதை வெளியேற்றாமல் மூடியைத் திருகினால் உள்பாகம் தோட்டாவாகப் பாயும். திரும்ப நிரப்ப நைட்ரஜன் உருளையும் அழுத்தமானியும் உங்களிடம் இல்லையென்றால், பழுதுபார்ப்பவரிடம் கொடுத்துவிடுவதே மேல். கொடுக்கும்போது உங்கள் எடையையும், கட்டுப்பட்டை எங்கே நின்றது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அதற்கேற்ப உள்வால்வை அவர் மாற்றித் தர முடியும்.